எறும்பு பெண் கேட்ட கதை: கற்பிதச் சிற்றுயிர்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருக்கோணமலைச் சுவாமிமலையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குக் கொட்டியாரக் குடாவும், அதற்கப்பால் மகாவலி கங்கை கடலொடு கலக்கும் தாழ்நிலமும் புலப்படும். அக்குடாவிலே, 1660ஆம் ஆண்டின் முற்பகுதியில், ‘ஆன்’ என்னும் பெயருடைய ஆங்கிலக் கப்பலொன்று வந்து நங்கூரமிட்டது. முந்திய ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலால் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், புதுமரம் நாட்டவும், இடையிலே சிறிது வாணிகம் செய்யவும் இத்துறையை நாடியது. ஏப்பிரல் மாதத்திலே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனையும், மாலுமிகள் சிலரையும் சிறைபிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தையார் மறு ஆண்டே நோயுற்று மாண்டார். மகனோ 19 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வாழ்ந்து, தொப்பி பின்னியும், சிறு பண்டங்களைச் சுமந்து ஊரூராக விற்றும், நெல்லைக் கடன்கொடுத்தும் காலங்கழித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினான். அவன் எழுதிய இலங்கைச் சரித்திரம் 1681இல் இலண்டனில் அச்சேறியது. அவன் பிடிபட்ட இடமென ஊரார் காட்டிய மரத்தடியிலே, மூதூரில், 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

சரித்திர மாணாக்கர் அந்நூலை அரசன் இயல்பு அறியவும், நிலமுறை அறியவும், சாதி வழக்கம் அறியவும் படிப்பர். அதிலே எறும்பையும் சிலந்தியையும் பற்றிய பக்கங்கள் சில உள. அவற்றை வேடிக்கைப் பகுதியென்று தள்ளிவிட்டுப் போவாரே பலர். ஆயினும், பழைய நூல்களிலே வரும் அற்புதப் பூச்சிகளை நாம் எங்ஙனம் மதித்தல் வேண்டும் என்னும் கேள்விக்கு அச்சில பக்கங்களைப் போல உதவுவன பிற அரிய.

முதலில், அற்புதப் பூச்சி என்பது எத்தகையது என்று காண்போம். கிரேக்க நாட்டு ஹெரொடோட்டஸ், கிறித்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டிலே, இந்தியாவின் வடபாலுள்ள மணல்வெளியில் நாயினும் சிறியனவும் நரியினும் பெரியனவுமாகிய எறும்புகள் பொன்மணலை அகழ்ந்து குவிக்கின்றன என்று எழுதினார். சந்திரகுப்த மௌரியனது அவைக்கு வந்த மெகஸ்தனிசும் அதனையே கூறினார். கிரேக்கர்தாம் கட்டிவிட்டனர் என்று சொல்லவும் இடமில்லை. மகாபாரதத்துச் சபாபருவத்திலே, தருமனுடைய இராசசூய வேள்விக்கு வடநாட்டு மன்னர் கொணர்ந்த திறைப்பொருள்களுள் எறும்பு அகழ்ந்த பொன்னும் ஒன்று. எறும்பின் பெயராலேயே அதனைப் பிபீலிகம் என்பர். மிசேல் பேசேல் என்னும் பிரெஞ்சுக்காரர், இமயத்துக்கு அப்பாலுள்ள தியோசாய் மேட்டுநிலப் பகுதிகளில் வளைதோண்டி வாழும் மலை அணில் போன்ற ஒரு விலங்கு வெளித்தள்ளும் மண்ணிலே பொற்றுகள் இருந்தமையையும், அவ்விடத்து மக்கள் அதனைச் சேர்த்துவந்தமையையும் கண்டு, பொன்னெறும்பு அதுவே எனக் கருதி 1984இல் நூலொன்று வெளியிட்டார். அக்கருத்து முற்றும் நிலைநாட்டப்பட்டதன்று. எனினும் ஒன்று தெளிவு. பொன் உண்டு, தோண்டும் உயிர் உண்டு, சேர்க்கும் மனிதர் உண்டு. ‘எறும்பு’ என்னும் ஒரு சொல்லே வழியில் எங்கோ பிசகியது போலும்.

இனி நொக்சிடம் வருவோம். மலைநாட்டு எறும்புகளை அவன் ஒருங்கே திரட்டி எறும்பு என்று சொல்லிவிடவில்லை. சிங்களப் பெயரோடு இனம் பிரித்துக் கூறுகின்றான். மரக்கொம்பிலே இலைகளை ஒன்றுசேர்த்து மனிதர் தலையளவு கூடு கட்டும் சிவந்த பேரெறும்பு ஒன்று. அதற்கஞ்சிக் கனி பறிக்க மரமேற மாட்டார்கள் என்கின்றான். முசுறு என்று நாம் வழங்குவது அதுவே; மாமரம் ஏறிய பிள்ளைகளுக்கு அதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. வெண்ணுடலும் செந்தலையும் உடைய கறையானை அவன் மிகவும் விரித்து எழுதுகின்றான். இரும்பும் கல்லும் தவிர எதனையும் தின்பதும், சுவரில் ஏறும்போது தன்மேல் மண்ணால் ஒரு வளைவு அமைத்துக்கொண்டே செல்வதும், அவ்வளைவு எங்கேனும் உடைந்தால் எவ்வளவு உயரம் ஏறியிருந்தாலும் திரும்பிவந்து பழுதுபார்த்துவிட்டே மேற்செல்வதும், ஆளுயரப் புற்றெழுப்புவதும், புற்றுமண்ணின் நயத்தால் அதனைக் கொண்டு தெய்வ உருவங்கள் செய்வதும், மாலைப்பொழுதில் ஈசலாய்ப் புறப்பட்டுக் கூட்டங்கூட்டமாய் மடிவதும் ஆகிய அனைத்தும் அங்கே உள. மேற்கூறியவற்றுள் ஒன்றேனும் கற்பனையன்று. ஆனால் இலண்டனிலே குளிர்காய்ந்துகொண்டு படித்தவனுக்கு எறும்பளவுடைய ஓர் உயிர் கொத்தனாரைப் போல் திரும்பிவந்து பழுதுபார்க்கின்றது என்பது பொன்னெறும்பினும் பெரிய புளுகாகவே தோன்றியிருக்கும்.

இவற்றிடையே கடியா என்னும் கருநிற எறும்பைப் பற்றி ஒரு கதை வருகின்றது. பளபளக்கும் கருமையுடையது அது. தானாக எவரையும் தீண்டாது. தொந்தரவு செய்தாலோ நெருப்புத்தணல் பட்டதுபோல் எரியக் கொட்டும். ஏன் இத்துணை வலி? சிங்கள மக்கள் அதற்குக் காரணம் கூறுவராம். முன்னொரு காலத்திலே இவ்வெறும்பு நாகபாம்பினிடம் சென்று பெண் கேட்டது. அத்தகைய உயர்குலத்தாரோடு சம்பந்தம் செய்யத் துணிந்த அதன் நெஞ்சுரத்தை மெச்சி, இவ்வாறு கொட்டும் ஆற்றல் அதற்கு அருளப்பட்டது. பெண்ணும் கிடைத்திருந்தால், நாகத்துக்கு நிகராகவே தீண்டும் உரிமையைப் பெற்றிருக்குமாம். நஞ்சையே சீதனமாக எண்ணிய இக்கதையை நம் ஊர்களிற் பிறந்தவர் எவரும் இரசிக்காமல் இரார்.

இங்கே நொக்ஸ் செய்திருப்பது யாது? தான் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, கதையென வழங்குவது ஆகிய மூன்றையும் அவன் ஒன்றோடொன்று குழப்பவில்லை. எறும்பின் நிறமும், சீண்டாதவரைச் சீண்டாத அதன் பண்பும் அவனுடைய காட்சி. நாகத்திடம் பெண் கேட்டது அவர்களிடை வழங்கும் கட்டுக்கதை என்று வெளிப்படையாகவே குறித்துவைக்கின்றான். நகைத்துத் தள்ளிவிடவும் இல்லை, நம்பிவிடவும் இல்லை. சிறையிலே எழுதுதற்கு ஏடின்றி, விடுதலை பெற்றபின் கப்பற் பயணத்திலே நினைவினின்றும் எழுதத் தொடங்கிய ஒரு மாலுமியிடத்து இந்த ஒழுங்கு காணப்படுவது வியப்பே. நூல் அச்சாவதற்குத் துணைநின்று முகவுரையும் எழுதிக்கொடுத்தவர் இலண்டன் அரச கழகத்து அறிஞர் றொபேட் ஹூக் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1665இல் தாம் வெளியிட்ட நுணுக்குக்காட்டி நூலிலே தெள்ளுப்பூச்சியையும் பேனையும் எறும்பையும் பென்னம்பெரிதாக வரைந்து உலகை மருட்டியவர் அவர். எறும்பு அசையாமல் கிடக்கமாட்டாது ஓடவே, அதற்குச் சாராயம் ஊட்டி மயக்கி வரைந்ததாகவும், ஒருமணி நேரத்துக்குப் பின் அது தெளிந்தெழுந்து ஓடிவிட்டதாகவும் அவரே எழுதியுள்ளார். அத்தகையவர் நொக்சை அருகிருத்திக்கொண்டு எறும்பெறும்பாய்க் கேள்வி கேட்டிருப்பார் என்று எண்ணுதல் பொருந்தும். இது நமது ஊகமே.

சிலந்திக்கு வருவோம். நொக்ஸ் தெமொகுலோ என்று எழுதும் சிலந்தி, சிங்களத்தில் திவிமகுளுவா எனப்படுவது. திவி என்பது சிறுத்தை. வன்னியிலும் கீழ்மாகாணத்திலும் தமிழர் புலிமுகச் சிலந்தி என வழங்குவதும் இவ்வினத்தையே. இருமொழியாரும் தனித்தனியே புலியினத்தை நினைந்தது அதன் உடல் வரியால் ஆகலாம். கறுத்து மயிரடர்ந்து புள்ளிகளோடு மின்னுவது, உடல் மனிதர் கைப்பிடியளவு, மரப்பொந்திலும் வளையிலும் வாழ்வது, நச்சுடையது என்று நொக்ஸ் கூறுகின்றான். உடலளவிலே சற்று மிகைப்படுத்திவிட்டான். காலையும் சேர்த்தாலே அவ்வினத்துப் பெரியவை 20 சென்றிமீற்றர் அளவு வரும். ஆனால் அடுத்து அவன் எழுதுவதைக் கவனிக்க: கடியுண்டவர் இறப்பதில்லை, வேதனையால் சிறிதுகாலம் அறிவுமயங்குவர். இன்றைய மருத்துவர் கண்டதும் இதுவே. இக்கடியால் இறந்தார் என்று நிறுவப்பட்டவர் இலர். கடும் வலியும், தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்ளுதலும் உண்டு, அப்பிடிப்பு நாட்கணக்காகவும் திரும்பத்திரும்ப வரும். நம்மிடையேயோ, அது தீண்டினால் உயிர் தப்பாது என்னும் எண்ணம் இன்றளவும் வேரூன்றி நிற்கின்றது. 340 ஆண்டுகளுக்கு முற்பட்ட கைதியின் குறிப்பு, கைப்பேசியிலே படத்தோடு பரவும் எச்சரிக்கையினும் மெய்க்கு அணித்தாயிருத்தல் நமக்குப் பெருமையன்று.

வெள்ளையர் எழுதியதெல்லாம் காட்சி, நம்மவர் சொல்லியதெல்லாம் கற்பனை என்று முடிவு கட்டுவாரும் உளர். அவர்கள் படைத்தலைவர் றொபேட் பேர்சிவலை ஒருகாற் படித்தல் நன்று. திருக்கோணமலைக் கோட்டை ஒல்லாந்தர் கையினின்றும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1795இல். அதன் பின்னர் இத்தீவிலே பணிசெய்த பேர்சிவல் 1803இல் ஓர் இலங்கை நூலை வெளியிட்டார். அதிலே நாலங்குலத்துக்குக் குறையாத காலும் கருமயிர் அடர்ந்த உடலும் உடைய பெருஞ்சிலந்தி ஒன்று வருகின்றது. அது கட்டும் வலை சிறு பறவைகளையும் சிக்கவைத்து நிறுத்தும் வலிமையது என்றும், அப்பறவைகளே அதன் வழக்கமான உணவு என்றும் அவர் எழுதுகின்றார். அத்தகைய சிலந்தி இத்தீவில் என்றும் இருந்ததில்லை. மயிரடர்ந்த சிலந்தி உண்டு. அது மரப்பொந்தில் பதுங்கியிருந்து இராக்காலத்திலே பாய்ந்து இரைபிடிப்பது, காற்றிலே வட்டவலை விரிப்பதன்று. மஞ்சட்சாயலுடைய வலிய வட்டவலையை இருமரங்களுக்கிடையே விரிக்கும் காட்டுப்பெருஞ்சிலந்தியும் உண்டு. அதன் வலையில் எப்போதாவது ஒரு சிறுகுருவி அகப்படுவதும் உண்டு. ஆயினும் அதன் உடல் நீண்டு மெலிந்தது, அத்தகைய மயிர்ப்போர்வை அதற்கில்லை. ஒன்றின் உடலையும் மற்றொன்றின் வலையையும் ஒட்டி, அரிதாக நிகழ்வதை அன்றாட உணவாக்கி, கற்றறிந்த படைத்தலைவர் ஒரு புதுச் சிலந்தியைப் படைத்துவிட்டார். நாகத்திடம் பெண் கேட்ட எறும்பாவது தன்னைக் கதையென்று சொல்லிக்கொண்டு வருகின்றது. பேர்சிவலின் சிலந்தி இயற்கை வருணனை என்னும் உடையணிந்து வருகின்றது.

ஆயினும், பறவை தின்னும் சிலந்தி என்பதே பொய் என்று அவசரப்படுதலும் தகாது. மரியா சிபில்லா மேரியன் என்னும் பெண்மணி தென்னமெரிக்கச் சூரினாமில் தங்கிப் பூச்சிகளை ஆராய்ந்து 1705இல் வெளியிட்ட ஓவியநூலில், சிலந்தியொன்று தேன்சிட்டைப் போன்ற சின்னஞ்சிறு பறவையைத் தின்னும் காட்சி உண்டு. பின்வந்தோர் அதனைப் பெண்பிள்ளையின் புனைவென்று எள்ளினர். மக்லே என்னும் பூச்சியியலறிஞர் கியூபாவில் தாம் கண்டவற்றைக் கொண்டு அது நடவாதென்றே அடித்துக் கூறினார். பின்னர் ஆஸ்திரேலியாவிலே ஒரு சிலந்தி பறவைக்குஞ்சொன்றைத் தின்னக் கண்டு தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். அமேசன் காட்டிலே பேற்ஸ் என்பவர் அதனை நேரிற் கண்டு 1863இல் எழுதிய பின்னரே மேரியனின் பெயர் மீண்டது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனந்து, 1861இல் வெளியிட்ட உயிரின நூலிலே, இப்பெருஞ்சிலந்தி ஒரு பல்லியைப் பிடித்து விழுங்கக் கண்டதாக மருதானையில் வாழ்ந்த ஒரு பெருமாட்டி தமக்குச் சொன்னார் என்கின்றார். தாம் கண்டதாகச் சொல்லவில்லை. இந்த ஒரு நேர்மை போதும், அவர் குறிப்பை நாம் பயன்படுத்துதற்கு.

இதுகாறும் பிறர் வீட்டைக் கிளறினோம். நம் வீட்டுச் சுவரிலும் ஒரு கற்பிதப் பூச்சி கூடுகட்டியுள்ளது. வேட்டுவன் என்னும் குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டிலே அடைத்து, கொட்டிக்கொட்டி ரீங்காரமிட, அப்புழு அச்சத்தால் இடையறாது குளவியையே நினைந்து ஈற்றில் தானும் குளவியாகி வெளிவரும் என்பது நம் சமய நூல்கள் பலவற்றிலே பயின்றுவரும் உவமை. பாகவதத்தின் பதினோராம் கந்தத்திலே, அவதூதர் தமக்குக் குருவாயமைந்த இருபத்துநால்வரை எடுத்துக்கூறும் இடத்தில் இதுவும் ஒன்று. சைவ ஆசிரியரும் ஞானகுரு மாணாக்கனைத் தம் வண்ணமாக்குதற்கு இதனையே காட்டுவர்.

நடப்பது வேறு. குளவி கொட்டுவது கொல்லுதற்கன்று, முடக்குதற்கே. முடங்கிய புழு, சாகாமலும் அசையாமலும், அழுகாத உணவாய்க் கிடக்கும். கூட்டிலே குளவி இட்ட முட்டை பொரித்து வரும் குஞ்சு அதனை உயிரோடே தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். மண்குளவிகளுள் ஒருவகை புழுவுக்குப் பதிலாகச் சிலந்திகளையே பிடித்து அடைக்கும். கூட்டைச் சுரண்டிப் பார்த்தவர் உள்ளே எட்டுக்காலிகள் அடுக்கப்பட்டிருக்கக் கண்டிருப்பர்.

சுவையான செய்தி என்னவெனில், சீனரும் இதே பூச்சியைக் கண்டு இதே முடிபுக்கு வந்தமையே. அவர்களுடைய பழைய பாடற்றொகையிலே குளவி பச்சைப்புழுவைச் சுமந்துசெல்லும் குறிப்பு உண்டு. உரைகாரர் குளவிக்குப் பிள்ளையில்லை, புழுவைத் தத்தெடுத்து ‘என்னைப்போல் ஆகு’ என்று ஓதிக் குளவியாக்கும் என விளக்கினர். அங்கே தத்துப்பிள்ளைக்கே அப்புழுவின் பெயர் வழங்கலாயிற்று. கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹொங்சிங் என்னும் மருந்துநூலறிஞர் கூட்டைத் தாமே ஆராய்ந்து, தினையளவு முட்டைகள் இருப்பதையும், புழு அக்குஞ்சுகளின் உணவாவதையும் கண்டு, உரைகாரர் கூற்றை மறுத்தெழுதினார். இருநாட்டாரும் புழு உட்செல்வதைக் கண்டனர்; குளவி வெளிவருவதையும் கண்டனர். இரண்டுக்கும் இடையே மண்சுவர். அச்சுவருக்குள் நிகழ்ந்ததை மட்டும் மனத்தால் நிரப்பினர். தாவோ செய்தது கூட்டை உடைத்துப் பார்த்தது ஒன்றே.

இதனால் அவ்வுவமை பழுதாயிற்றோ என்று மாணாக்கர் சிலர் வினவுவதுண்டு. உவமை உணர்த்தவந்த பொருள் குளவியின் கூட்டிலே தங்கியிருக்கவில்லை. ஆகவே குருசீட நெறிக்கு யாதொரு குறையும் இல்லை. ஆனால், உவமையைக் காப்பாற்றுவதாக எண்ணி, குளவி உண்மையிலேயே புழுவை மாற்றுகின்றது, விஞ்ஞானிகளுக்கு அது இன்னும் தெரியவில்லை என்று மேடைகளிற் பேசுவோரை நாம் ஏற்றுக்கொள்ளுதற்கில்லை. கூட்டைப் பிளந்து பார்ப்பது ஒரு சிறுவனாலும் ஆகும்.

மறுபுறம், முண்டகோபநிடதம் காட்டும் சிலந்தியை எண்ணுக. சிலந்தி தன்னினின்றும் நூலை வெளியிட்டு மீளவும் உள்வாங்குவதுபோல, அழிவில்லாப் பொருளினின்றும் உலகம் தோன்றுகின்றது என்பது அங்கே கூறப்படும் கருத்து. நூலை வெளியிடுதல் யாவரும் கண்டது. உள்வாங்குதலைக் கவியின் மிகை என்று கொள்வார் உண்டு. வயிற்றினின்றும் வந்த நூல் எவ்வாறு மீளும்? ஆயினும் வட்டவலை பின்னும் சிலந்திகளுட் பல தம் பழைய வலையைச் சுருட்டித் தின்றுவிட்டே புதுவலை கட்டுகின்றன. 1970களின் தொடக்கத்தில், ஒரு சிலந்தியின் வலைக்குக் கதிரியக்க அடையாளம் இட்டு ஆராய்ந்தபோது, தின்ற நூலின் பொருள் ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குள்ளேயே புதிய நூலாய் வெளிவரத் தொடங்கியது அறியப்பட்டது. வாயால் உள்ளே செல்கின்றது, வயிற்றின் நுனியால் வெளியே வருகின்றது என்பதே வேறுபாடு. யாரோ ஒரு முனிவர் விடியற்பொழுதிலே காட்டுப்புதரின் முன் நெடுநேரம் அசையாது அமர்ந்து இதனைப் பார்த்திருத்தல் வேண்டும்.

புலிமுகச் சிலந்திக்கு நேர்ந்ததையும் சொல்லியாகவேண்டும். அது சேர்ந்த பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை. முதிய மரங்களின் பொந்துகளே அதன் உறைவிடம். மரம் வீழ்ந்தால் வீட்டுக்கூரையையும் பாழடைந்த கட்டடத்தையும் நாடிவரும், வந்தால் அடியுண்டு சாகும். 2012இன் இறுதியில் இலங்கையின் வடபாலிலிருந்து இவ்வினத்திலே புதிய சிலந்தியொன்று அறிவியலுலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆய்வாளர் கைக்கு முதன்முதலில் எட்டியது ஊரார் கொன்ற ஓர் உடலே. அதன்பின் போர் ஓய்ந்த காடுகளிலே தேடி, உயிருள்ளவற்றைக் கண்டனர். தேடலில் வழிகாட்டிய ஒரு பொலிசு அதிகாரியின் பெயரே அதற்கு இடப்பட்டது. அழகுகருதி இச்சிலந்திகளைப் பிடித்து மேனாடுகளிலே விற்கும் வாணிகம் பெருகியமையால், இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிய, 2019இல் இப்பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 2ஆம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. ஆகவே, நாம் உயிர்கொல்லி என்று துடைப்பத்தால் அடிப்பதனை, கடல்கடந்து பொருள்கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பாரும் இருக்கின்றனர். அவர்களுக்கும் அது மரப்பொந்தில் வாழும் சிலந்தியாகத் தோன்றுவதில்லை.